பட்டவன் சொல்ல வேண்டும்

கம்பு காலை இடிக்கிறதா சார்? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி வரைக்கும்தான். பஸ்ஸின் கூரைமேல் போடச் சொல்லிக் கண்டக்டர் சண்டைக்கு வந்தார். கம்பை மேலே போட்டுவிட்டு நான் கீழே உட்காருவதா, முடியாது என்றேன். "அப்ப நீரும் மேல ஏறிக்கிடும்வே" என்றார். சின்ன வயசு. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆமாம், சிலம்பக் கம்புதான். என் பெயர் வெள்ளத்துரை. திசையன்விளைக்கு மேற்கே ஒரு சின்ன ஊர், பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. அங்கே வந்து கம்பு வாத்தியார் வீடு எது என்று கேட்டுப்பாருங்கள். யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். இப்போது கொஞ்சம் சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். அது ஒரு பிரியம்.

இன்றைக்கு டவுனில் ஒரு விழா. எனக்குப் பட்டம் தருகிறார்கள். 'மரபுச் சிலம்பக் காவலர்'. நான் கேட்கவில்லை சார். கேட்டு வாங்குகிற ஆள் நான் இல்லை. பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா, துரைக்கு முன்னால் 'த்' போட்டிருக்கிறார்களா என்று மட்டும் இரண்டு மூன்று தடவை போன் பண்ணி விசாரித்தேன். கம்பைப் பிடித்தபடி ஒரு போட்டோ வேண்டுமாம், அதனால்தான் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஒரு சுற்று சுற்றிக் காட்டவும் சொன்னார்கள். முடியாது என்றேன். மேடையில் ஆடுவது எங்கள் வழக்கமே இல்லை. அப்புறம் யோசித்தேன். பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள், முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லக்கூடாது இல்லையா? ஒரே ஒரு சுற்று. மரபுக்காக.

வீட்டுக்காரி வரவில்லை. கூப்பிட்டேன். "நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். அவள் கோபம் வேறே. அவள் தம்பி தோற்றுப்போன கோபம். பிறந்த வீட்டுப் பாசம் பெண்களை விட்டு எங்கே போகிறது சொல்லுங்கள்? பட்டமே அந்த வெற்றிக்குத்தான் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும்.

எங்கள் ஊரில் பேச்சியம்மன் கொடைத் திருவிழா பெரிசு. வைகாசியில் வரும். மதியக் கொடைக்குப் பால்குடங்கள் ஊர்க் கிணற்றடியிலிருந்து, கம்புக்காரர்கள் முன்னால் நடக்க, கிளம்பி வரும். அவை கோயில் வாசலுக்கு வந்ததும் மேளத்தை நிறுத்திவிடுவார்கள். அம்மனுக்கு முன்னால் கம்புக்காரன் ஒருவன் போய் நின்று, கம்பைத் தரையில் தொட்டுக் கண்ணில் ஒற்றி, நாலு திசைக்கும் காலடி வைத்து சலாம் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் குடம் உள்ளே போகும். அதுதான் முதல் சலாம். எங்கள் வாத்தியார் இறந்ததிலிருந்து அது என்னிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஊர் முழுக்க ஒரு மனிதனைத்தான் பார்க்கும் சார். அது என் கையை விட்டுப் போனால் அந்த ஊரில் நான் யார்? ஓய்வுபெற்ற கரண்டுக்காரன். மீட்டர் பார்க்க வருகிறவர் என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்?

அந்த சலாமுக்குத்தான் ஆபத்து வந்தது. வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்து வந்தது. என் மைத்துனன் மாசானம். என் வீட்டுக்காரி வடிவுக்கு நேர் இளையவன். அவனும் நானும் ஒரே வாத்தியாரிடம்தான் படித்தோம். நான் கலையைப் படித்தேன். அவன் என்ன படித்தானோ, 'இடிமுழக்கம் சிலம்பக் குழு' என்று ஒன்று ஆரம்பித்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் வரவேற்பு, எதற்கும் போவான். ஜிகினாச் சட்டை. இரண்டு முனையிலும் தீ வைத்த கம்பு. போதாததற்கு பேட்டரி லைட் வைத்த கம்பு வேறே, பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டு.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "மாப்ள, நீ கம்பு சுத்துதியா, இல்ல பந்தலுக்குச் சீரியல் லைட்டு கட்டுதியா?"

"நீங்க கரண்டு ஆபீஸ்ல இருக்கும்போதே நமக்கு ஒரு லைன் இழுத்துத் தந்திருந்தா நான் பேட்டரி வாங்கியிருக்க வேண்டாமே அத்தான்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்படித்தான் பேசுவான். வாயும் ஒரு வித்தைதானே அவனுக்கு.

வித்தை என்றதும் சொல்கிறேன். அவன் கூட்டத்துப் பயிற்சியை நீங்கள் பார்க்க வேண்டும். காலையில் தெருவை அடைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்பார்கள். தீ பட்டால் சுட்டுவிடும் இல்லையா, அதனால் ஒருவன் வீச, மற்றவன் விலக, இவன் வீச, அவன் குனிய, இதையே மழை வெயில் பாராமல் செய்துகொண்டிருப்பார்கள். சிலம்பமா இது? தீக்குப் பயந்து ஒதுங்குகிற பழக்கம். மாசானமும் அவர்களோடு சேர்ந்து ஒதுங்குவான், இந்த வயதில்.

எங்கள் சிலம்பக் கூடத்தில் ஒருவர்மேல் ஒருவர் பாய்வது கிடையாது. சலாம் வரிசை, காலடி, தனிச் சுற்று. எதிராளி வைத்து ஆடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைக்கு அடிபட்டால் பெற்றவள் வந்து வாசலில் நிற்கிறாள். அதுவுமில்லாமல், எதிரே ஓர் ஆள் இருந்தால் நம் நிலையின் சுத்தம் கெட்டுப்போகிறது. நான் இன்றைக்கும் தினமும் காலடி பழகுகிறேன். பீரோக் கண்ணாடி முன்னால். அதில் தோள் கோணினாலும் தெரிந்துவிடும்.

இந்த வருஷம் கொடைக்கு முன்பு கூட்டம் போட்டார்கள். தர்மகர்த்தா நல்லபெருமாள் தொண்டையைச் செருமினார். "வெள்ளத்துரை, இந்தத் தடவ சலாம மாசானம் போடட்டுமே. வெளியூர்ச் சனம் நிறைய வரும். கொஞ்சம் பகட்டா இருக்கும்லா?"

பகட்டு! அம்மனுக்கு முன்னால்!

நான் எழுந்து நின்றுவிட்டேன். வாய் திறப்பதற்குள் மாசானம் முந்திக்கொண்டான். "வேண்டாம் அண்ணாச்சி. சலாம் அத்தானுக்கு உள்ளது. அவுகளே போடட்டும். நாங்க பின்னால ஆடிட்டு வாரோம்."

அத்தோடு முடிந்திருக்கும் என்கிறீர்களா? எப்படி முடியும் சார்? அவன் விட்டுக்கொடுத்து நான் வாங்கினேன் என்று ஊர் பேசாதா? எனக்கு உள்ளதை எனக்குத் தருவதற்கு இவன் யார்? "முறைப்படி மோதிப் பார்ப்போம். ஜெயிச்சவன் சலாம் போடட்டும்" என்றேன். மாசானம் என்னைப் பார்த்தான். "அத்தான் சொன்னா சரி" என்றான். முகம் விழுந்துவிட்டது. பயம்.

எங்கள் முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் வெள்ளை பனியன், வெள்ளை வேட்டி. கம்பு நுனியில் துணி சுற்றி, எண்ணெயில் குழைத்த சாயத்தில் தோய்ப்பது. ஒருவனுக்குக் குங்குமம், ஒருவனுக்கு அடுப்புக்கரி. யார் கம்பு யார் உடம்பில் முதலில் படுகிறதோ அதோடு ஆட்டம் தீர்ந்தது. நடுவர் கிடையாது. விசில் கிடையாது. பட்டவன்தான் கம்பைத் தாழ்த்தி, "பட்டது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொட்டவன் சொல்லக்கூடாது, பார்த்தவன் சொல்லக்கூடாது. பட்டவன் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் தொட்டவன் கம்பைத் தாழ்த்திக் காத்திருக்க வேண்டும். உலகத்தில் வேறு எந்த விளையாட்டிலாவது இப்படி ஒரு நேர்மை உண்டா? சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்கிறது, பாருங்கள்.

வடிவு அடுப்படியிலிருந்தே கேட்டாள். "அவன்தான் வேண்டாம்ங்கானே, நீங்க எதுக்கு இந்த வயசுல?"

"மரபுன்னு ஒண்ணு இருக்கு வடிவு."

"இருக்கட்டும். முழங்கால் தைலமும் ஜன்னல்லதான் இருக்கு. தேச்சிட்டுப் போங்க."

கொடைக்கு முந்தின சாயங்காலம், கோயிலுக்கு முன்னால் உள்ள களத்தில் ஆட்டம். ஊரே திரண்டிருந்தது. எல்லோர் கையிலும் போன். எனக்குக் குங்குமம், அவனுக்குக் கரி. அவன் அன்றைக்கு ஜிகினா இல்லாமல் சாதாரண பனியனில் வந்தான். ஆள் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நான் ஆரம்பித்த விதம் இருக்கிறதே சார். சலாம் போட்டு, இடது காலை அரைவட்டமாக இழுத்து வைத்தேன். கூட்டத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. நாலு சுற்று சுற்றி ஐந்தாவதில் வீசினேன். அவன் அங்கே இல்லை. மறுபடி வீசினேன். அங்கேயும் இல்லை. சொன்னேனே, ஒதுங்குகிற பழக்கம். நின்று வாங்குகிறவனாக இருந்தால் அப்போதே முடிந்திருக்கும். புழுதி கிளம்பிக் கண்ணெல்லாம் எரிந்தது. அவன் என் இடப்பக்கமாகச் சுழன்றான். நானும் திரும்பினேன். முழங்கால் ஒரு விநாடி யோசித்துவிட்டுத் திரும்பியது. அந்த நேரத்தில் முதுகில் ஒரு ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. கொடைக் காலத்தில் எங்கள் ஊரில் ஈ அதிகம்.

திரும்பிப் பார்த்தால் மாசானம் நின்றுகொண்டிருக்கிறான் சார்! ஆட்டத்தின் நடுவில்! கம்பைத் தாழ்த்தி, நுனியைத் தரையில் ஊன்றி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். மேளக்காரன்கூட நிறுத்திவிட்டான். கூட்டம் முழுக்க என்னையே பார்க்கிறது. எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மேடைப் பழக்கம்! ஒரு சுற்று முடிந்ததும் கைதட்டலுக்கு நின்று கொடுக்கிறார்கள் இல்லையா, அந்தப் பழக்கம். சண்டைக் களத்தில் நின்று போட்டோவுக்கு முகம் காட்டுகிறான். இவனை எல்லாம் என்ன சொல்வது?

எதிராளி நின்றுவிட்டால் கம்புக்காரன் என்ன செய்வான்? நானும் செய்தேன். இறக்கினேன் ஒன்று, தோளில். பனியன் குங்குமமாகிவிட்டது. கம்பைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை அவன். கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தான்.

"பட்டது அத்தான்" என்றான்.

சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அதிலும் ஒரு நடிப்பு. தோற்றவன் முணுமுணுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஜெயித்தவன் மாதிரியா சொல்வது?

யாரும் கைதட்டவில்லை. மரபு ஜெயிக்கும்போது கைதட்ட மாட்டார்கள் சார். வாயடைத்து நிற்பார்கள். நல்லபெருமாள் வந்து, "சரி, முடிஞ்சுது, எல்லாரும் போங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் பேச்சு வரவில்லை.

மறுநாள் முதல் சலாம் நான்தான் போட்டேன். அதைப் போல ஒரு சலாம் நான் போட்டதில்லை. காலடி ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி. மேளம் நின்றது. ஒரு விசில் கிடையாது, ஒரு குலவை கிடையாது. ஒரு போன்கூட மேலே எழும்பவில்லை. சில பேர் தலையைக்கூடக் குனிந்துகொண்டார்கள். அத்தனை பயபக்தி. தோற்றவன் கம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும் என்பது வழக்கம். மாசானம் நடந்தான். குழுவையும் நடக்கவைத்தான். ஜிகினா, லைட், தீ ஒன்றும் இல்லை. வெயிலில் செருப்பில்லாமல் நடந்தார்கள். பெண்கள் ஓடிப்போய் அவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். என் காலுக்கு யாரும் ஊற்றவில்லை. முன்னால் போகிறவனைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்றுதான்.

ஒரு குறை. அந்த சலாமை யாராவது வீடியோ எடுத்தார்களா என்று அப்புறம் விசாரித்தேன். எனக்காக இல்லை, வரும் தலைமுறைக்காக. ஒருவரும் எடுக்கவில்லையாம்.

வீட்டில்தான் கோளாறு. அன்றைக்குக் கழற்றிப் போட்ட பனியனை வடிவு துவைக்கவில்லை. துவைக்காமலே கொடியில் போட்டிருக்கிறாள். அதுவும் பின்பக்கக் கொடி இருக்க, தெருவைப் பார்த்த கொடியில். முதுகில் ஒரு கரி வட்டம், நம் பழைய காலணா அளவு. கோயில் தூணில் நான் சாய்ந்திருக்கலாம். விளக்குக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தத் தூண் முழுக்க. சொன்னேன்.

"எந்தத் தூண்ல?" என்றாள்.

"எந்தத் தூண்ல சாஞ்சேன்னு யாரு கணக்கு வைப்பா?"

"சட்ட போட்டுக்கிட்டுத்தான கோயிலுக்குள்ள போனிய?" என்றாள். அப்புறம் கேட்டாள், "உங்களுக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

"எது?"

அவள் உள்ளே போய்விட்டாள். அன்றையிலிருந்து சோறு வைக்கிறாள், குழம்பு ஊற்றுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். பேச்சு இல்லை. தம்பி தோற்றதற்கு இவ்வளவு நாளா முகத்தைத் தூக்கி வைப்பார்கள்? அந்த பனியனை நானே எடுத்து ஊறவைத்தேன். கரி போகவில்லை. மூலையில் கிடக்கிறது.

கூடத்துக்கு இப்போது பிள்ளைகள் குறைவாக வருகிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும். ஆனால் பெயர் இருக்கிறதே சார், அது பரவிவிட்டது. எங்கள் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அவுட் ஆனவன் மட்டையைக் கொடுக்கமாட்டேன் என்று நிற்பான். மற்றவன் என்ன சொல்லிச் சத்தம் போடுகிறான் தெரியுமா? "ஏல, வாத்தியார் ஆட்டம் ஆடாதல!" கிரிக்கெட்டுக்குள்ளும் சிலம்பம் நுழைந்துவிட்டது. விடாப்பிடிக்கு உதாரணம் என்றால் ஊரில் நான்தான்.

என்ன சார், போனில் ரொம்ப நேரமாக என்னவோ தேடுகிறீர்கள்?

எங்கள் கொடையா? அதில் இருக்கிறதா? போட்டி நடந்தது முழுக்கவா? நான் பார்த்ததில்லை. போனில் பார்க்கிற கலையா இது? மாசானம்கூட ஒருநாள் ஆள்விட்டு, காட்டட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். இத்தனை பேரா பார்த்திருக்கிறார்கள்? வெளிநாட்டிலிருந்துமா?

கொஞ்சம் காட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

ஆகா. பாருங்கள், அந்த இடது காலைப் பாருங்கள். பீரோக் கண்ணாடியில் பார்ப்பதைவிட இதில் நன்றாக இருக்கிறதே. மீசையும் எடுப்பாகத்தான் விழுந்திருக்கிறது. இதோ சுற்றுகிறேன். நாலு. இப்போது வீசுவேன் பாருங்கள். ம். அவன் ஓடுகிறான். ம். இப்போது திரும்புகிறேன்.

அது புழுதி சார். புழுதியில் அப்படித்தான் தெரியும். 

இதோ நின்றுவிட்டான், சொன்னேன் இல்லையா? நிற்கிறான். இவ்வளவு நேரமா நின்றான்? எனக்கு ஏதோ கண் இமைக்கிற நேரம் என்றுதான் தோன்றியது.

கொஞ்சம் இருங்கள். அந்த இடத்தை மறுபடி போடுங்கள். இல்லை, படம் இல்லை. சத்தம். மேளம் நின்ற பிறகு. ஒரு பெண் குரல் கேட்கவில்லை? காதில் வைத்துக்கொள்கிறேன்.

"சொல்லிருங்க… ஏங்க, சொல்லிருங்க…"

இது வடிவு குரல்.

அவள் வந்திருந்தாளா? அடுப்படியில்தான் இருந்தேன் என்றாளே. கூட்டத்தில் எங்கே நின்றாள், முகம் தெரிகிறதா பாருங்கள். அன்றைக்கு நீலச் சேலை கட்டியிருந்தாள். தெரியவில்லையா? சரி. இன்னொரு தடவை போடுங்கள். "சொல்லிருங்க." அழுகிற மாதிரி இருக்கிறது இல்லையா?

தம்பிக்குத்தான் சொல்லியிருப்பாள். தோற்கப்போகிறாய், இப்போதே ஒத்துக்கொண்டு சொல்லிவிடு என்று.

ஆமாம், "ஏங்க" என்கிறாள். கேட்டது.

எனக்கு உற்சாகம் கொடுக்கிறாள் சார். அவளுக்கு அதற்கு வேறு வார்த்தை தெரியாது. முப்பது வருஷமாக எனக்கு எல்லாமே அந்தக் குரலில்தான் சொல்லியிருக்கிறாள்.

அதற்குள் வண்ணார்பேட்டை வந்துவிட்டதா? நான் இறங்குவதற்குள் ஒரு உதவி செய்யுங்கள். இதை என் போனுக்கு அனுப்ப முடியுமா? முழுசும் வேண்டாம். விழாவில் பெரிய திரை வைக்கிறார்களாம், உங்களைப் பற்றி ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த நாலாவது சுற்று இருக்கிறதே, கால் எவ்வளவு சுத்தமாக விழுகிறது பாருங்கள், அங்கே வெட்டிவிடுங்கள். திரும்புகிறதற்கு முன்னால். அதற்கு அப்புறம் பார்க்க ஒன்றுமில்லை.

சத்தத்தையும் எடுத்துவிடுங்கள். அவர்களே பாட்டுப் போட்டுக்கொள்கிறார்களாம்.